இரண்டு எழுத்து

நவம்பர் ஒன்பது, திங்கள், மாலை ஏழு மணி.
ஹேலண்ட் நகர மன்றம், வட டகோட்டா.
மேயரும் உறுப்பினர் நால்வரும் வந்திருந்தனர்.
நான் குறிப்பெடுப்பவள்.
என் பெயர் கடைசிப் பக்கத்தில், கையெழுத்துக்கு மட்டும்.

தீயணைப்பு வண்டியைப் பனியில் நிறுத்திவிட்டு
அதன் கொட்டகையில் கூட்டம் போட்டோம்.
ஆறடிக்கு ஒன்றாக இருபது நாற்காலி.
வந்தவர்கள் எழுபது பேர்.
ஆறடியும் போயிற்று.

பேச ஆளுக்கு மூன்று நிமிடம்.
மணிக்காட்டி என் அடுப்படியிலிருந்து கொண்டுவந்தது,
கோழி வடிவம்.
முட்டை வெந்துவிட்டது என்பதைப்போலக் கத்தும்.

டெல்பர்ட் ஹோக்ஹால்ட்டர், சூரியகாந்தி விவசாயி:
"நான் விடுகிற மூச்சுக்கும் நகராட்சி ரசீது போடுமா?"
கைதட்டல்.
(கைதட்டலைக் குறிப்பில் ஏற்றும் வழக்கமில்லை.)

லவோன் ஷ்டாங், மருத்துவமனையில் இரவுப் பணி:
"எண்பது மைலுக்குள் ஒரே ஒரு கட்டில் காலி.
அதுகூட நான் புறப்படும்போது."
அவ்வளவுதான் சொன்னாள்.
மீதி இரண்டரை நிமிடத்தை
ஒலிவாங்கி முன்னால் சும்மா நின்று செலவழித்தாள்.
கோழி கத்தும்வரை ஒருவரும் இருமவில்லை.

காவல் அதிகாரி ரோலி குனுட்சன் தொப்பியைக் கழற்றினார்:
"என்னிடம் இருப்பது ஒரு கார், ஒரு உதவியாளன்.
அவனும் காய்ச்சலில் கிடக்கிறான்.
கவசமில்லாதவனை வழிமறித்து என்ன கேட்பேன்?
முகத்தைக் காட்டு என்றா?"
சிரிப்பு. நானும் சிரித்தேன், துணிக்குள்.

அபராதம் ஐம்பது டாலரில் தொடங்கியது.
இருபத்தைந்தானது.
முதல் தடவை எச்சரிக்கை போதும் என்றானது.
இரண்டாம் தடவையும்.
தலைகீழாகப் போகும் ஏலத்தை
அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஒன்பதே முக்காலுக்கு ஆர்விட் மோன்,
முப்பது வருடம் காப்பீடு விற்றவர்,
எவரையும் நோகடிக்காமல் கையெழுத்து வாங்கத் தெரிந்தவர்,
ஒரு திருத்தம் கொண்டுவந்தார்.
"கவசம் அணிய வேண்டும் என்றிருக்கிறது.
நடுவில் இரண்டு எழுத்து சேர்ப்போம்.
கவசம் அணிய வேண்டுகிறோம்."

கொட்டகையே மூச்சு விட்டது.
எழுத்து கூடியது, எடை குறைந்தது.
சட்டம் கையைக் கூப்பிக்கொண்டு நின்றது.

அப்போதுதான் காயா பிரெக்கே எழுந்தாள்.
பதினேழு வயது. மளிகைக் கடைக் கல்லாப் பெண்.
ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள்,
கண்ணாடியில் ஆவி படிந்து
எங்களில் யாரையும் அவளுக்குத் தெரிந்திருக்காது.

"வேண்டுகிறோம் என்று நீங்கள் எழுதுவீர்கள்.
வாசலில் நின்று வேண்டப்போவது நான்.
சனிக்கிழமை ஒருவரை வேண்டினேன்.
சில்லறையைத் தரையில் வீசினார்.
குனிந்து பொறுக்கினேன். ஐந்து சென்ட் அதிகம் இருந்தது.
திருப்பிக் கொடுத்தேன்.
அவர் இந்த அறையில்தான் இருக்கிறார்.
பெயர் சொல்லமாட்டேன்."

கோழி கத்தவில்லை. அவளுக்கு இன்னும் நேரமிருந்தது.
ஒவ்வொருவரும் குனிந்து
தம் பூட்ஸில் பனி கரைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
யார் அவர் என்று எனக்குத் தெரியும்.
அதையும் குறிப்பில் ஏற்றும் வழக்கமில்லை.

வாக்கெடுப்பு: இரண்டுக்கு இரண்டு.
மேயர் வின்ஸ்டன் ஓல்ட் தண்ணீர் குடித்தார்,
அதற்காகக் கவசத்தை இறக்கினார், ஏற்ற மறந்தார்.
திருத்தத்துக்கு ஆதரவு.
தீர்மானம் நிறைவேறியது.
கூட்டம் கலைந்தது, 10:12.

இரவே தட்டச்சு செய்தேன்.
அந்த இரண்டு எழுத்தில் விரல் கொஞ்சம் தயங்கியது என்றால்
அது குளிர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.
நிறைவேறியபடியே அடித்தேன். முத்திரை வைத்தேன்.
பன்னிரண்டு பிரதி.
அஞ்சலகம், வங்கி, பந்துருட்டும் கூடம்,
மளிகைக் கடை.

வியாழன் பால் வாங்கப் போனேன்.
கடைக் கண்ணாடியில் என் அறிவிப்பு.
சரியாக அந்த இரண்டு எழுத்தின்மேல்
ஒரு விலைச்சீட்டு ஒட்டியிருந்தது:
முட்டை, டஜன், ஒன்று எழுபத்தொன்பது.

எட்டிப் பார்த்தேன். கல்லாவில் காயா
யாருடைய ரொட்டியையோ பையில் போட்டுக்கொண்டிருந்தாள்.
வரிசையில் டெல்பர்ட்.
தாடி மறையக் கழுத்துத் துண்டை
மூக்குவரை இழுத்துவிட்டிருந்தார்.
குளிராகவும் இருக்கலாம்.

நகராட்சி அறிவிப்பைச் சிதைத்தால்
அபராதம் ஐம்பது டாலர், பழைய விதி.
செயல்படுத்த ஆள் இல்லை.
நான் பையிலிருந்து கவசத்தை எடுத்தேன்,
கதவைத் தள்ளினேன்.